ரொட்டி வேனின் எஞ்சின் வசந்தத்தில் ஏன் நிற்கிறது

1

இந்தக் கதை எனக்கு ஒரு டயர் கடையில் கிடைத்தது. ஏப்ரல் கடைசி, ஊரே குளிர்கால டயரைக் கழற்றிக் கோடை டயர் மாட்டிக்கொள்ளக் காத்திருக்கும் வாரம். பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெண், எதிரே உட்கார்ந்திருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“கை விறைச்சுப்போற குளிர்ல நாள் பூரா ஓடுது. குளிர் கொஞ்சம் விட்டதும் நின்னுடுது. ஓடிப்போய்ப் பாத்தா ஒண்ணுமே இல்ல. சாவியைத் திருப்பினா, எதுவுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடுது.”

அவள் பேசியது ஒரு ரொட்டி வேனின் எஞ்சினைப் பற்றி. வேன் போய்விட்டது, எஞ்சின் மட்டும் மிச்சம். மரத்தின் இனிப்புச் சாற்றைப் பாகாகக் காய்ச்சும், மின்கம்பி எட்டாத ஒரு மேப்பிள் காட்டில் அது இப்போது ஜெனரேட்டரைச் சுற்றுகிறது. நான் இவ்வளவு கேட்பதற்குள் அவளுடைய வண்டி தயார் என்று கூப்பிட்டார்கள். எழுந்து போய்விட்டாள். எஞ்சின் ஏன் நின்றது, அவள் கண்டுபிடித்தாளா, ஒன்றும் தெரியவில்லை.

குளிரில் நிற்கும் எஞ்சினை எனக்குத் தெரியும். மேப்பிள் பாகுக்குப் பேர்போன இந்தப் போஸ் பள்ளத்தாக்கில் அதைத் தெரியாதவர் யாருமில்லை. குளிர் விட்டதும் நிற்கும் எஞ்சினை நான் கேள்விப்பட்டதே இல்லை. விடையைத் தேடிப் போனேன். கிடைத்ததும் கொஞ்ச நேரம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு அழகாக இருந்தது. அந்த விடையை உங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பதற்காகத்தான் இந்தக் கதையின் மனிதர்களைக் கற்பனை செய்திருக்கிறேன். எஞ்சினுக்கு வந்த நோய் மட்டும் என் கற்பனை அல்ல.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மார்ச் மாதக் காலை வெளிச்சம் மேப்பிள் கிளைகளின் மேல் வெள்ளியைப் போல

(நிறுத்தியாயிற்று. வெளிச்சத்தில் ஆரம்பித்தால் எஞ்சினிடம் வந்து சேர மூன்று பக்கம் ஆகும்.)

பிறகு இப்படி:

தங்கையின் எஞ்சினை ரொசேருக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அவன் பெட்ரோல் தொட்டிக்குள் ஒரு கை சர்க்கரையை

(இதையும் விட்டேன். மேப்பிள் காட்டில் சர்க்கரைக்குப் பஞ்சமில்லை. புதிரும் ஒரே வரியில் தீர்ந்துபோகும். ஆனால் சர்க்கரையால் நின்ற எஞ்சின் கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடாது. தவிர, ரொசேரை அவ்வளவு அற்பமான ஆளாக்க எனக்கு மனம் வரவில்லை. அவன் எப்படிப்பட்டவன் என்று இந்தப் பகுதியை எழுதும்போது எனக்கே தெரியாது.)

மூன்றாவது தொடக்கத்தை வைத்துக்கொள்கிறேன்:

ஒடீல் பதினெட்டு வருடம் ஒரே வேனில் ரொட்டி கொண்டுபோனாள். ஊர் பேக்கரியின் வேன்; ஆறு சிலிண்டர் எஞ்சின். ஒரு வீட்டில் நிற்கும், நகரும், அடுத்த வீட்டில் நிற்கும். பனியைக் கரைக்கச் சாலையில் கொட்டும் உப்பு வேனின் அடிப்பாகத்தை ஒவ்வொரு குளிர்காலமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. கடைசியில் அவள் கிளட்சை மிதிக்கும்போது காலுக்குக் கீழே ரோடு ஓடுவது தெரிந்தது. இங்கே வண்டிகள் இப்படித்தான் சாகின்றன: உடம்பு முழுக்கத் துரு, இதயத்தில் ஒரு குறையும் இல்லை.

வேன் ஈவோனின் ஷெட்டுக்குப் போனது. ஈவோன் பழைய வண்டிகளைப் பிரித்துப் போடுகிறவன். ஒடீலோடு ஒரே பள்ளியில் படித்தவன். அவள் பின்னாலேயே போய் எஞ்சினைக் கேட்டாள்.

“எஞ்சினை மட்டும் கொண்டுபோய் என்ன பண்ணுவே? பக்கத்துல படுக்க வெச்சுக்குவியா?”

“உன் பொண்டாட்டிகிட்ட கேட்டுப் பாரு. குறட்டை விடாத ஒண்ணு கிடைச்சா அவளும் ஒண்ணு எடுத்துக்குவா.”

ஈவோன் எஞ்சினை இறக்கிக் கொடுத்ததோடு நிற்கவில்லை. ஒரு இரும்புச் சட்டத்தில் அதையும் ஜெனரேட்டரையும் எதிரெதிராக வைத்து இணைத்தும் கொடுத்தான்.

3

அவளும் அண்ணன் ரொசேரும் சேர்ந்து வைத்திருக்கும் மேப்பிள் காட்டுக்குத்தான் எஞ்சின் தேவைப்பட்டது.

இரவில் உறைந்து பகலில் உருகும் ஐந்தாறு வாரங்களில்தான் மரத்துக்குள் சாறு ஓடும். மரத்துக்கு மரம் மெல்லிய நீலக் குழாய்கள் காடு முழுக்கப் போகின்றன. மின்சாரப் பம்ப் ஒன்று அந்தக் குழாய்களிலிருந்து காற்றை உறிஞ்சிக்கொண்டே இருந்தால் சாறு ஏராளமாக வரும். வந்த சாற்றை இன்னொரு பம்ப் மேலே ஒரு தொட்டிக்கு ஏற்றும். அங்கிருந்து அது தானாக இறங்கி, விறகடுப்பின் மேல் கட்டில் அகலத்துக்கு இருக்கும் சட்டியில் விழும். ரொசேர் அதன் பக்கத்தில் கரண்டியோடு நின்று காய்ச்சுவான். நாற்பது குடம் சாறு ஒரு குடம் பாகாகும். மிச்சம் முப்பத்தொன்பது குடமும் ஆவியாகக் கூரை வழியே போகும்.

முன்பெல்லாம் வாளி கட்டித் தூக்கினார்கள். ரொசேரின் முழங்கால் இப்போது அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. இலையுதிர்காலத்தில் கீழ்ச்சரிவுக் காட்டுக்காரர் வந்து, உங்கள் குழாய்களை என் தொட்டியோடு சேர்த்துவிடுங்கள், சாறு தானே சரிவில் இறங்கி வரும், உங்களுக்கு ஒரு வேலையும் இருக்காது என்று பேசிவிட்டுப் போனார். ரொசேர் தலையாட்டினான். ஒடீலுக்குத் தாங்கவில்லை. மரங்கள் தங்களுடையவையாக இருக்கும். ஆனால் தங்கள் சட்டியில் இனிமேல் எதுவும் கொதிக்காது.

“ஒரு வசந்தம் குடு. எஞ்சினை வெச்சு நடத்திக் காட்டறேன்,” என்றாள்.

“நடுவுல நின்னா?”

“நிக்காது.”

“நின்னாலும் அந்தக் கீழ்க்காட்டுக்காரன்கிட்ட சரின்னு சொல்லிக்கலாம். அவன் எங்கயும் போயிடப்போறதில்ல,” என்றான் ரொசேர்.

இந்தக் கதையில் ஆபத்தில் இருப்பது அந்தச் சட்டி ஒன்றுதான். வேறு எதையும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

4

(இந்தப் பகுதியில் கதை நகராது. எஞ்சினைப் போலவே ஒரே இடத்தில் நின்று ஓடும். பொறுமை இல்லாதவர்கள் ஐந்துக்குப் போகலாம். போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.)

ஒரு எஞ்சினுக்குத் தான் எதைச் சுற்றுகிறோம் என்று தெரியாது. அச்சு சுழல்கிறது, அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது. அந்த முனையில் சக்கரம் இருக்கிறதா, மரம் அறுக்கும் ரம்பம் இருக்கிறதா, ஒரு ஆஸ்பத்திரியின் விளக்குகள் இருக்கின்றனவா, அது அதன் கவலை இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும்.

ஆனால் வண்டி எஞ்சின் ஓடுகிற உடம்புக்காகச் செய்யப்பட்டது. அதை ஓரிடத்தில் நிறுத்தி வைப்பவர்கள், பயணம் அதற்கு இலவசமாகக் கொடுத்து வந்ததையெல்லாம் வேறு வழியில் கொடுத்தாக வேண்டும். உதாரணமாகக் காற்று. வேன் போகும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரில் மோதிக் குளிர வைக்கும். காய்ச்சும் அறையை ஒட்டி எஞ்சினுக்காக ஒதுக்கிய கொட்டகைக்குள் எதிர்க்காற்று ஏது? அதனால் ஒடீல் ரேடியேட்டரைக் கொட்டகையின் திறந்த வாசலைப் பார்த்து வைத்தாள். மின்விசிறியை மாற்றிப் பொருத்தி, உள்ளே இருக்கும் காற்றை அது வாசல் வழியாக வெளியே தள்ளும்படி செய்தாள். சூடு வெளியே போய்விடும். மிக நல்ல யோசனை. யார் கேட்டாலும் அப்படித்தான் செய்யச் சொல்வார்கள்.

அடுத்தது கால். வேனை ஓட்டுகிறவரின் கால் ஆக்ஸிலரேட்டரில் இருக்கும். மேடு வந்தால் மிதிக்கும். இங்கே கால் இல்லை. ஆனால் ஜெனரேட்டர் ஒரே வேகத்தில் சுழன்றாக வேண்டும். ஆகவே கவர்னர் என்ற கருவி அந்தக் காலின் வேலையைச் செய்கிறது. சுழலும் இரண்டு குண்டுகள். வேகம் குறைந்தால் அவை உள்ளே சுருங்கும், சுருங்கும்போது ஒரு நெம்புகோலை இழுக்கும், நெம்புகோல் கார்புரேட்டரின் கதவைத் திறந்து கூடுதல் காற்றும் பெட்ரோலும் உள்ளே விடும். பம்ப் ஓடத் தொடங்கினால் எஞ்சின் ஒரு மூச்சு தடுமாறும். உடனே நெம்புகோல் அசையும். பழைய வேகத்துக்கு வந்துவிடும். ரோட்டையே பார்க்காத ஒரு ஓட்டுநர், தூங்காதவர், சலிக்காதவர். ஒடீல் முதல் தடவை அந்த நெம்புகோல் தானாக அசைவதைப் பார்த்தபோது, பதினெட்டு வருடம் தன் வலது கால் செய்துவந்த வேலையை வெளியில் நின்று பார்ப்பது போல இருந்தது.

ஜனவரியில் ஓட்டிப் பார்த்தார்கள். மூக்கில் மூச்சு உறையும் குளிர். ஒரு முழு நாள் ஓடியது. பிப்ரவரியிலும் அப்படியே.

5

மார்ச்சில் சாறு ஓடத் தொடங்கியது. எஞ்சின் நின்றது.

ஒடீல் அப்போது மேல்காட்டில் இருந்தாள். அணில்கள் குழாயைக் கடித்துவிடும். கடித்த இடத்தில் காற்று புகும் சத்தத்தைத் தேடி மரம் மரமாக நடக்க வேண்டும். எஞ்சின் சத்தம் மெல்லக் கனத்து, தேய்ந்து, இல்லாமல் போனது. பனியில் புதையாமல் நடக்க உதவும் அகலக் காலணியோடு அவள் சரிவில் இறங்கி வந்து சேரக் கணிசமான நேரம் பிடித்தது. அதற்குள் மேல் தொட்டி வற்றிவிட்டது. சட்டியில் சாறு இறங்காவிட்டால் சில நிமிடங்களில் அடி பிடிக்கும். அடி பிடித்தால் சட்டியே போய்விடும். ரொசேர் கதவைத் திறந்து மண்வெட்டியால் பனியை அள்ளி அள்ளிச் சட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தான்.

“உன் வண்டி ஏதோ வீடு வந்துடுச்சுன்னு நினைச்சு நின்னிருக்கு. போய் ரொட்டியைக் குடுத்துட்டு வா,” என்றான், திரும்பிப் பார்க்காமல்.

அவள் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் உடனே ஓடியது.

ஈவோன் வந்தான். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்குமோ என்று தொட்டியை வடித்தார்கள், இல்லை. தீப்பொறிக்கான காயிலை மாற்றினார்கள். பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். ஈவோன் அதன் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தான். அன்று சாறு குறைவு, ரொசேர் அடுப்பு மூட்டவில்லை. எஞ்சின் ஒரு தடவைகூட இருமவில்லை.

“இது நல்ல கத்தோலிக்க எஞ்சின். தவக்காலம் ஆரம்பிச்சதும் நோன்பு இருக்குது. ஈஸ்டர் வரைக்கும் பொறுத்துக்கோ,” என்று சொல்லிவிட்டு ஈவோன் பீன்ஸ் சாப்பிட உள்ளே போனான்.

ஒடீல் வேறொன்றைக் கவனித்திருந்தாள். ரொசேர் காய்ச்சிய அன்று அது நின்றது, காய்ச்சாத அன்று நிற்கவில்லை. காய்ச்சும் நாளில் சாறு அதிகம், ஆகவே பம்புகளுக்கு வேலை அதிகம், ஆகவே எஞ்சினுக்குச் சுமை தாங்கவில்லை என்று கணக்குப் போட்டாள். விளக்குகளைக் குறைத்தாள். ஏற்றும் பம்பை இடையிடையே மட்டும் ஓட்டினாள். சுமை பாதியானது.

அது நின்றது. மறுபடியும் அவள் வந்து சேர்வதற்குள் எல்லாம் சரியாகியிருந்தது. மறுபடியும் சட்டிக்குள் பனி.

அன்று ரொசேர் கிண்டல் செய்யவில்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான். “ஒடீல், சட்டி அடி பிடிச்சிருந்தா நமக்கு வேற சட்டி கிடையாது. இன்னொரு தடவை இது நின்னா நான் கீழ போய் அந்தக் காட்டுக்காரன்கிட்ட சரின்னு சொல்லிட்டு வந்துடறேன். நீயும் என்னைத் தடுக்காதே.”

அவள் சரி என்றாள்.

(இங்கே ‘அவள் கண்களில் நீர்’ என்று எழுதி அடித்திருக்கிறேன். அவள் அழவில்லை. அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். இந்த நாட்டில் மார்ச் மாத மூடுபனிக் காலைகளில் பதினெட்டு வருடம் அதே எஞ்சினை ஓட்டியிருக்கிறாள். அப்போது அது ஒரு நாளும் நின்றதில்லை. அப்போது இருந்த எது இப்போது இல்லை?)

6

ஒரு எழுத்தாளனாக எனக்கு இந்தக் குற்றவாளியைப் பிடிப்பதில் உள்ள சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். இவன் வேலையை முடித்துவிட்டுத் தப்பி ஓடுகிறவன் அல்ல. வேலையை முடித்துவிட்டு அங்கேயே இல்லாமல் போகிறவன். யார் எவ்வளவு வேகமாக வந்து பார்த்தாலும் தடயம் இருக்காது. ஆகவே வந்து பார்ப்பதில் பயனில்லை. முன்பே அங்கே இருக்க வேண்டும்.

அடுத்த காய்ச்சும் நாளில் ஒடீல் காட்டுக்குள் போகவில்லை. அணில்கள் தங்கள் பாட்டைப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டு, கொட்டகைக்குள் எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். கார்புரேட்டரின் தலையில் இருக்கும் ஏர் ஃபில்டர் மூடியின் திருகை முன்கூட்டியே தளர்த்தி வைத்திருந்தாள். மதியத்துக்கு மேல் வெளியே பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குள் மெல்லிய மூட்டம். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் சட்டி கொதிக்கும் சத்தம்.

நீண்ட நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நெம்புகோல் ஒரு நூலளவு அசைந்தது.

சத்தம் மாறவில்லை. விளக்கு மங்கவில்லை. சுமையும் கூடவில்லை. ஆனால் நெம்புகோல் திறந்துகொண்டே போனது. கவர்னர் மேடு ஏறுவது போல மிதித்துக்கொண்டிருந்தது. இல்லாத ஒரு மேடு. முன்பு இரண்டு தடவையும் இப்படித்தான் நடந்திருக்க வேண்டும்: எதுவோ எஞ்சினின் கழுத்தை நெரிக்கிறது, கவர்னர் அதை ஈடுகட்டி ஈடுகட்டி, கடைசி நொடி வரை யாருக்கும் தெரியாமல் மறைத்திருக்கிறது. நெம்புகோல் கடைசி வரை போய் முட்டிக்கொண்டது. இப்போதுதான் சத்தம் கனத்தது.

அவளுக்கு இரண்டு வழி இருந்தது. பம்புகளின் சுவிட்சை அணைத்தால் சுமை போய்விடும். எஞ்சின் தப்பிக்கும், ரொசேரின் கணக்கில் அது நிற்கவில்லை என்றாகும், சட்டி அவர்களிடமே இருக்கும், இன்னொரு நாள் வரை. ஆனால் அதற்குள் குற்றவாளியும் காணாமல் போயிருப்பான். ஓடுகிற எஞ்சினின் தொண்டைக்குள் விரலை விட முடியாது.

(இந்த இடத்தில் நான் இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். அவள் இடத்தில் நான் இருந்தால் சுவிட்சைத்தான் அணைத்திருப்பேன். ஆனால் அவள் என்னைப் போன்றவள் இல்லை என்று தோன்றியது.)

ஒடீல் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாள்.

7

“நின்னுடுச்சு,” என்றான் ரொசேர், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. கோபமில்லாத குரல்.

“நிக்கல. நான்தான் நிறுத்தினேன். இங்க வா.”

“சட்டி கொதிக்குது. எப்படி வருவேன்?”

ஒடீல் மூடியைத் தூக்கி டார்ச் அடித்தாள். பிறகு இடுப்பு வரை உயரமான பனியைச் சுற்றிக்கொண்டு ஓடி, காய்ச்சும் அறைக்குள் புகுந்து, ஆவிக்குள் அண்ணனைத் தேடிப் பிடித்தாள். அவன் கையிலிருந்த நீளக் கரண்டியைப் பற்றினாள்.

“குடு இதை. நீ போ. மூடி திறந்திருக்கு. விரலை உள்ள விட்டுப் பாரு, கரையுறதுக்குள்ள.”

“எது கரையுறதுக்குள்ள?”

“போன்னா போயேன், ரொசேர்.”

கொதிக்கிற சட்டியை விட்டு அவன் நகர்ந்து யாரும் பார்த்ததில்லை. அந்தக் கரண்டியை அவனிடம் யாரும் கேட்டதுமில்லை. அவன் அவள் முகத்தைப் பார்த்தான், கையை விட்டான், நொண்டிக்கொண்டே ஓடினான்.

சட்டியில் நுரை எழும்பியது. மேலே கயிற்றில் கட்டித் தொங்கும் பன்றிக்கொழுப்புத் துண்டை அவள் இழுத்து நுரையில் தொட்டாள், நுரை அடங்கியது. மேல் தொட்டியில் இன்னும் கொஞ்சம் சாறு இருந்தது.

ரொசேர் திரும்பி வந்தபோது நடந்துதான் வந்தான். வலது கையை மூடியிருந்தான். விரித்தான். உள்ளங்கையில் தண்ணீர், அதன் நடுவே பயறு அளவுக்கு ஒரு பனிக்கட்டி. அவள் பார்த்ததை உறுதிப்படுத்திக்கொண்டு அதை நாக்கில் வைத்தான். முகம் கோணியது.

“பெட்ரோல்.”

“வேற என்ன நினைச்சே? பாகா?”

“எஞ்சின்ல கை வெக்க முடியல, அவ்வளவு சூடு,” என்றான் ரொசேர். “ரெண்டு விரக்கடை தள்ளி உள்ள வெள்ளையா அப்பியிருக்கு. பனி. அந்தக் கதவைச் சுத்தி, தொண்டை பூரா.” கோயிலுக்குள் பேசுவது போல மறுபடி சொன்னான். “நெருப்பு எரியற இடத்துல பனி.”

கரண்டியை அவன் திரும்பக் கேட்கவில்லை. அடுப்பைப் பார்த்தபடி நின்றான். பிறகு, “அங்க ஒரு ஓட்டை இருக்கு,” என்றான்.

“எங்க?”

“சுவத்துல. பழைய வாளிங்க அடுக்கியிருக்கே, அதுக்குப் பின்னால. காய்ச்ச ஆரம்பிச்ச அன்னைக்கு நான்தான் அறுத்தேன். இந்தப் பக்கம் இவ்வளவு சூடு வீணாப் போகுது. உன் எஞ்சின் அங்க தனியா குளிர்ல...”

ஒடீல் கரண்டியால் சட்டியைக் கிளறினாள். சிரிப்பு வந்ததா வேறு ஏதாவது வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

(ரொசேர் எப்படிப்பட்டவன் என்று எனக்கும் இப்போதுதான் தெரிந்தது.)

8

நடந்தது இதுதான்.

ஊசி போடுமுன் நர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவினால் அந்த இடம் சில்லென்று ஆகிறதல்லவா? திரவம் ஆவியாகும்போது பக்கத்தில் இருக்கும் சூட்டைத் திருடிக்கொண்டு போகிறது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தூவப்பட்டு ஆவியாகும்போதும் அதே திருட்டு. உள்ளே நுழையும் காற்று ஒரு நொடியில் இருபது டிகிரி வரை குளிர்ந்துபோகும். அந்தக் காற்றில் ஈரம் இருந்தால், அது கதவைச் சுற்றி உறைபனியாகப் படியும். படிந்து படிந்து மூச்சை அடைக்கும். எஞ்சின் நின்றதும் கீழே இருக்கும் இரும்பின் சூடு மேலே ஏறி, பனி உருகி, ஒரு தடயமும் இல்லாமல் போய்விடும்.

ஜனவரிக் குளிரில் ஏன் நடக்கவில்லை? கடுங்குளிர்க் காற்றில் ஈரமே இருக்காது. உறைவதற்கு ஒன்றுமில்லை. பனி உருகும் மிதமான நாளில்தான் ஈரமும் இருக்கிறது, குளிரும் மிச்சம் இருக்கிறது. சாறு ஓடுகிற அதே வானிலை.

அதோடு இந்த இருவரின் அன்பும் சேர்ந்துகொண்டது. ஒடீலின் விசிறி கொட்டகைக் காற்றை வாசல் வழியே வெளியே தள்ளியது. ஆகவே பின்பக்கமிருந்து காற்று உள்ளே வந்தாக வேண்டும். பின்பக்கம் ரொசேரின் ஓட்டை. அதன் வழியாகச் சட்டியின் ஆவி உறிஞ்சப்பட்டு, வழியில் வெளிக்குளிரோடு கலந்து சில்லிட்டு, நேராகக் கார்புரேட்டரின் வாய்க்குப் போனது. சூடாகவே போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

இதைக் கண்டுபிடித்தபோதுதான் நான் வியந்து உட்கார்ந்திருந்தேன். வட்டத்தைப் பாருங்கள். எஞ்சின் மரத்திலிருந்து தண்ணீரை இழுக்கிறது. அந்தத் தண்ணீர் ரொசேரின் அடுப்பில் ஆவியாகிறது. அந்த ஆவி சுவரைத் தாண்டி வந்து எஞ்சினின் தொண்டையில் பனியாகிறது. பனி எஞ்சினை நிறுத்துகிறது. மரத்திலிருந்து தண்ணீர் வருவது நிற்கிறது. ஒரே தண்ணீர், நெருப்பின் வழியாகவும் பனியின் வழியாகவும் போய், தன்னைக் கூப்பிட்ட கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது.*

* அது பனியாக ஒரு நாக்கில் கரைந்து, பெட்ரோல் வாடையோடு முடிந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வேனில் இருந்தபோது ஏன் நிற்கவில்லை என்பதற்கு ஈவோன் விடை சொன்னான். புகை வெளியேறும் இரும்புக் குழாயைச் சுற்றி ஒரு தகர உறை. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் ஏர் ஃபில்டருக்கு. குளிர்ந்த நாளில் எஞ்சின் வெளிக்காற்றுக்குப் பதில் அந்தச் சூடான காற்றைக் குடிக்கும். வண்டி எஞ்சினை எடுத்து நிறுத்திவைக்கிற எல்லோரும் முதலில் கழற்றி வீசுவது அதைத்தான்.

“நானும் அதைத்தான் பண்ணினேன். பாக்கறதுக்குக் குப்பை மாதிரி இருந்துச்சு,” என்றான் ஈவோன். “எந்த மூலையில போட்டேன்னு மட்டும் கேக்காதே.”

(அந்தக் குழாயைப் பற்றி இரண்டாம் பகுதியிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம். பதினெட்டு வருடம் ஓட்டிய ஒடீலுக்கே தெரியாத ஒன்றை உங்களுக்கு முன்கூட்டியே சொல்வது நியாயமாகப் படவில்லை.)

9

முடிவுகள்.

ஒன்று: சொன்னது சொன்னதுதான். மூன்றாம் தடவையும் எஞ்சின் நின்றது, யார் கை நிறுத்தினால் என்ன? ரொசேர் மறுநாள் சரிவில் இறங்கிப் போகிறான். எழுதிப் பார்த்தேன். அவன் முழங்காலுக்கு இது நல்லது. அந்தச் சட்டி கவிழ்த்து வைக்கப்படுகிறது.

இரண்டு: அவன் போவதில்லை. ஒடீல் கரண்டியைத் திருப்பிக் கொடுக்கிறாள். அவன், ‘நீயே வெச்சுக்க, எனக்கு உக்காரணும்’ என்று

(இது எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால்தான் நம்பப் பயமாக இருக்கிறது.)

மூன்று: அவன் போகிறான், ஆனால் கீழே போய் என்ன சொன்னான் என்று திரும்பி வந்து சொல்வதில்லை. சாறு ஓடும்வரை இருவரும் காய்ச்சுகிறார்கள்.

டயர் கடைப் பெண்ணைத் தேடிப் போய்க் கேட்டிருக்கலாம். போகவில்லை. அவளுடைய காடு அவளுடையது. ஒடீலின் காடோ இனி உங்களுடையது. அந்தச் சட்டியின் பக்கத்தில் அடுத்த மார்ச்சில் யார் நிற்கிறார்கள் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கு உறுதியாகத் தெரிந்தது அன்று மாலைக்குள் நடந்தது மட்டும்.

ரொசேர் சுவரின் ஓட்டையைப் பலகை வைத்து ஆணி அடித்து மூடினான். ஒரு காலிப் பாகு டப்பாவை வெட்டி விரித்து, புகைக் குழாயின் மிகச் சூடான இடத்தைச் சுற்றி வளைத்துக் கம்பியால் கட்டினான். வீட்டில் துணி உலர்த்தும் இயந்திரத்தின் பின்னால் இருக்கும் அலுமினியக் குழாயில் ஒரு துண்டை, அந்தத் தகரத்திலிருந்து ஏர் ஃபில்டர் வரை ஒடீல் பொருத்தினாள். ஃபில்டரின் மற்றத் திறப்புகளை அடைத்தாள். இப்போது எஞ்சின் உள்ளே இழுக்கும் காற்று முழுவதும் அதன் சொந்தச் சூட்டைத் தொட்டுவிட்டு வருகிறது. பெட்ரோல் திருடுகிற அளவு திருடினாலும், அந்தக் காற்று உறையும் அளவுக்குக் குளிர்வதில்லை. பனி பிடிப்பதில்லை. காய்ச்சும் நாளிலும் எஞ்சின் நிற்பதில்லை.